சம்புநாத் தே

வங்க நாட்டுச் சிற்றூர்களில் ஓலாதேவி என்னும் தெய்வத்திற்குச் சிறு கோயில்கள் உண்டு. அத்தெய்வத்தை இந்துக்கள் ஓலாதேவி என்றும், இசுலாமியர் ஓலாபீபி என்றும் அழைத்து வழிபட்டு வந்தனர். இரு சமயத்தாரும் அவ்வாயிலில் நின்று வேண்டிக்கொண்டது ஒன்றே. வாந்திபேதி தம் இல்லத்துள் புகுதலாகாது என்பதே அவ்வேண்டுதல். காலையில் ஏர் பூட்டிச் சென்றவன் மறுநாட் காலையில் பிணமாய்க் கிடப்பதை அம்மக்கள் தலைமுறை தலைமுறையாய்க் கண்டவர்கள். நோய் பற்றியவன் வயிற்றிலிருந்து கழுநீர் போன்ற வெளிறிய நீர் ஓயாது வெளியேறும். கண் குழியும், குரல் கம்மும், விரல் நுனித் தோல் நெடுநேரம் நீரில் ஊறியதுபோற் சுருங்கும், நாடி தளரும். தக்க மருத்துவம் பெறாதாருள் பாதிப் பேர்வரை மடிவதுண்டு. 1817ஆம் ஆண்டில் வங்கத்து யசோர் மாவட்டத்தில் பெருகி எழுந்த இந்நோய், கடல் கடந்தும் மலை கடந்தும் பிற நாடுகளிற் புகுந்தது. அந்நூற்றாண்டில் அது பன்முறை உலகை வலம் வந்தது. நம் தமிழகமும் அதற்குத் தப்பவில்லை.

இந்நோய்க்குக் காரணமான கிருமியை இத்தாலி நாட்டுப் பச்சீனி என்பார் 1854ஆம் ஆண்டிலேயே நுண்ணோக்கியிற் கண்டார். எனினும் அவர் கண்டதை உலகம் பொருட்படுத்தவில்லை. பின்னர், செருமானிய அறிஞர் இராபர்ட் காக் கல்கத்தாவிற்கே வந்து தங்கி, நோயாளர் குடலிலும் குளத்து நீரிலும் அக்கிருமியைத் தேடிப் பிடித்து, 1884ஆம் ஆண்டில் ஐயமற நிறுவினார். காற்புள்ளி போல் வளைந்த உடலும், ஒரே ஒரு வாலும் உடைய கிருமி அது. கிருமி அகப்பட்டது, ஆனால் புதிர் அவிழவில்லை. அது குருதியிற் கலப்பதில்லை. குடலைத் துளைத்து உள்ளே செல்வதுமில்லை. குடலின் உட்புறத்திலேயே வாழ்ந்து பெருகுகிறது. அங்ஙனமிருக்க, வலிய உடல் படைத்த ஒருவனை அரை நாளில் அஃது எவ்வாறு வீழ்த்துகிறது? அக்கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரத்தல் வேண்டும் எனக் காக் ஊகித்தார். அந்நஞ்சு உண்டெனக் காட்டுவதற்கு மேலும் எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. அதனைக் காட்டியவர் கல்கத்தாவிலேயே பயின்று, கல்கத்தாவிலேயே பணியாற்றிய ஒரு மருத்துவர். சம்புநாத் தே என்பது அவர் பெயர். நம் நாவிற்கு இயைய அவரைச் சம்புநாதர் என்றே இங்கு வழங்குவோம்.

சம்புநாதர் 1915ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள், ஹூக்ளி மாவட்டத்துக் கரிபாட்டி என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தாசரதி தே சிறு வணிகம் செய்து குடும்பம் புரந்தவர். அவ்வணிகம் ஓங்கவில்லை. குடும்பத்திற் கல்வி பெற்ற சிற்றப்பா ஒருவரே சிறுவனின் படிப்பிற் கண்ணும் கருத்துமாய் இருந்தார். ஊர்ப்பள்ளியிற் சிறப்புறத் தேறிய மாணவருக்கு உதவித்தொகை கிட்டியது. அதனைக் கொண்டு ஹூக்ளி மொசின் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கிருந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்குச் சென்றபோது, நகரில் உண்ணவும் உறையவும் வழியில்லாத அவ்விளைஞருக்குச் செல்வர் ஒருவர் தம் மனையில் இடமளித்தார். 1939ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1942ஆம் ஆண்டில் வெப்ப நாட்டு நோய்கள் பற்றிய பட்டயமும் பெற்றார். நோயாளரைப் பார்த்து மருந்தெழுதிப் பொருளீட்டும் வழி அவர்முன் திறந்தே இருந்தது. அவர் உள்ளமோ நோயின் மூலத்தைத் தேடும் நோய்க்குறியியலையே நாடிற்று.

தம் மாமனாரும் அக்கல்லூரிப் பேராசிரியருமான எம். என். தே அவர்களின் துணையால், 1947ஆம் ஆண்டில் இலண்டன் மாநகருக்குச் சென்றார். ஆங்குப் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் சர் ராய் காமரான் என்னும் புகழ்பெற்ற நோய்க்குறியியல் அறிஞரிடம் பயின்றார். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது எவ்வாறு என்பது அங்கு அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று. நீர் தனக்குரிய இடத்தை விட்டு வேறிடத்திற் சென்று தேங்குவதைப் பற்றிய அப்பயிற்சி பின்னாளில் அவர்க்குக் கைகொடுத்தது என்றே எண்ணத் தோன்றுகிறது. 1949ஆம் ஆண்டில் முனைவர் பட்டத்துடன் தாயகம் மீண்டார்.

மீண்டவர், கல்கத்தாவில் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியிற் பணி ஏற்றார். அந்நகர மருத்துவமனைகளில் வாந்திபேதி நோயாளருக்குக் குறைவில்லை. ஆராய்ச்சிக்கு வேண்டிய அரிய கருவிகள் அங்கில்லை. ஆராய வேண்டிய நோயோ வாயிலிலேயே கிடந்தது. முதலிற் சம்புநாதர் நோயாளரின் சிறுநீரகங்களை ஆராய்ந்தார். உடலில் நீர் வற்றி, குருதியோட்டம் குன்றுவதாலேயே சிறுநீரகம் செயலிழக்கிறது என்பது புலனாயிற்று. ஆகவே சிறுநீரகத்தின் கேடு விளைவேயன்றி மூலமன்று. மூலம் குடலிலேயே இருத்தல் வேண்டும் என அவர் துணிந்தார்.

ஈண்டு ஒரு பழைய கொள்கையை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். குடலின் உட்சுவரை உயிரணுக்கள், தரையிற் பாவிய கற்களைப்போல் நெருங்கி நின்று மூடியுள்ளன. வாந்திபேதியில் மாண்டவர் குடலை அறுத்துப் பார்த்தபோது, அவ்வணுக்கள் உரிந்து உதிர்ந்து கிடக்கக் கண்டனர் முன்னோர். கிருமி அணுக்களைக் கொன்று குடலைத் தோலுரித்து விடுகிறது; உரிந்த இடத்தின் வழியே நீர் கசிந்தோடுகிறது எனப் பலரும் கருதினர். கேட்பதற்குப் பொருத்தமாய்த் தோன்றிய இக்கொள்கை நெடுங்காலம் நிலைபெற்றது. இறந்தபின் சிறிது நேரத்திலேயே குடற்சுவர் தானாக அழுகி உரியும் என்பதைச் சுட்டிக்காட்டியவர் இருந்தும், அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. கண்ணாற் கண்டதே பிழையான முடிவிற்கு வழி வகுத்தது. பிணத்திற் கண்டதை உயிருள்ளவனுக்கு ஏற்றியதே அதற்குக் காரணம்.

மேலும், நஞ்சைத் தேடியவர்கள் கிருமியைக் குருதியிலும் வயிற்றறையிலும் ஊசி வழிச் செலுத்தி, விலங்கு இறக்கிறதா எனப் பார்த்து வந்தனர். விலங்குகள் இறந்தன, ஆனால் அவற்றுக்கு வாந்திபேதி வரவில்லை. சம்புநாதர் இவ்வழியை விடுத்தார். நோய் மனிதனுக்கு எங்கு நிகழ்கிறதோ, அங்கேயே அதனை நிகழச் செய்தல் வேண்டும் என எண்ணினார்.

முயல் ஒன்றை மயக்கி, வயிற்றைத் திறந்து, அதன் சிறுகுடலில் ஏறத்தாழ நான்கு அங்குல நீளத்தைத் தெரிந்து, இரு முனையிலும் நூலாற் கட்டினார். கட்டிய அப்பகுதிக்குள் கிருமிகளைச் செலுத்தினார். வேறொரு முயலின் குடலிற் கிருமியற்ற நீர்மத்தைச் செலுத்தினார். வயிற்றைத் தைத்து மூடினார். மறுநாள் திறந்து பார்த்தபோது, கிருமியற்ற குடல் துவண்டு வெறிதே கிடந்தது. கிருமி செலுத்திய குடலோ நீர் நிரம்பிய துருத்திபோற் பருத்து விம்மியிருந்தது. அதனுள் இருந்த நீர் நோயாளர் கழிக்கும் கழுநீரை ஒத்திருந்தது. உடன் உழைத்த சாட்டர்ஜியும் அவரும் இதனை 1953ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு நூலும் ஒரு முயலும் கொண்டு செய்த ஆய்வு இது. முயலின் துன்பத்தை எண்ணி உள்ளம் கசிவோரும் நம்முள் உளர், அக்கசிவும் வேண்டுவதே.

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. சம்புநாதர் பிறந்த அதே 1915ஆம் ஆண்டில், வேறிரு ஆய்வாளர் இவ்வாறே முயற்குடலைக் கட்டி ஆராய்ந்திருந்தனர். அது நூலகத் தூசியில் மறைந்து போயிற்று. மறைந்ததை மீட்டவராயினும், அதனைக் கொண்டு அடுத்த படியில் ஏறியவர் சம்புநாதரே.

1955ஆம் ஆண்டில் அவர் தாம் பயின்ற கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் துறைக்குத் தலைவரானார். அடுத்த ஆண்டில், குடலில் இயல்பாய் வாழும் ஈகோலை என்னும் கிருமியின் சில வகைகளும் முயற்குடலில் இதே விளைவைத் தோற்றுவிக்கின்றன என உடனுழைத்தாரோடு கூடிக் காட்டினார். பின்னர்த் தம் வாழ்நாளின் முதன்மையான வினாவிற்கு வந்தார். நீரை வெளியேற்றுவது உயிருள்ள கிருமியா, அன்றி அது கக்கிய நஞ்சா?

கிருமிகளை நீர்மத்தில் வளர்த்து, அந்நீர்மத்தை நுண்ணிய வடிகட்டியிற் செலுத்தினார். கிருமிகள் வடிகட்டியில் தங்கின. தெளிந்த நீர்மம் மட்டும் கீழிறங்கிற்று. அதில் ஒரு கிருமியும் இல்லை. அதனை முயற்குடலுட் செலுத்திக் காத்திருந்தார். குடல் முன்போலவே பருத்தது. ஐயம் அகன்றது. கிருமி நஞ்சைப் புறத்தே சுரக்கிறது. அந்நஞ்சு தனித்தே நோயை விளைக்கிறது. 1959ஆம் ஆண்டு மே மாதத்தில், நேச்சர் என்னும் ஆங்கில இதழில், இரண்டு பக்கங்களுள் அடங்கிய சிறு கட்டுரையாக இச்செய்தி வெளிவந்தது. காக் ஊகித்ததைச் சம்புநாதர் காட்டிவிட்டார்.

அங்ஙனமாயின், அந்நஞ்சு குடலின் உயிரணுக்களைக் கொல்கிறதா? உரிந்த குடல் என்னும் பழைய கொள்கை மெய்யா? இவ்வினாவிற்கு விடை காண உயிருள்ளவர் குடலையே பார்த்தல் வேண்டியிருந்தது. 1958, 1959ஆம் ஆண்டுகளிற் பாங்காக் நகரில் வாந்திபேதி பரவியபோது, ஆங்கிருந்த மருத்துவர்கள் நூலிற் கட்டிய சிறு உறை போன்ற கருவியை நோயாளர் விழுங்கச் செய்து, குடற்சுவரின் சிறு துணுக்கைக் கொய்தெடுத்தனர். நுண்ணோக்கியில் அத்துணுக்கு உரியாது, சிதையாது இருந்தது. ஆயினும் சாதாரண நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அதனினும் நெருங்கிய இரு புள்ளிகளை ஒளியைக்கொண்டு பிரித்துக் காண இயலாது. வாந்திபேதிக் கிருமியின் நீளம் அத்தகைய பத்துக் கூறு இருக்கும். ஆகவே அது தென்படும். ஆனால் குடலணுவின் தலையில் நெருங்கி நிற்கும் விரல் போன்ற நுண்ணுறுப்பு ஒவ்வொன்றின் பருமனும் அக்கூற்றிற் பாதியே. அவை நலமாய் உள்ளனவா, ஒடிந்தனவா என ஒளி சொல்லாது.

அதனைச் சொல்லவல்லது எலெக்ட்ரான் நுண்ணோக்கி. 1931ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் எர்ன்ஸ்ட் ருஸ்கா, மாக்ஸ் நோல் என்னும் இருவர் அதன் முதல் வடிவை அமைத்தனர். ஒளிக்கு மாற்றாக எலெக்ட்ரான் கற்றையும், கண்ணாடி வில்லைக்கு மாற்றாகக் காந்தச் சுருளும் அதிற் பயன்படுகின்றன. காற்றகற்றிய குழாயினுள் கற்றை செல்லும். ஆதலின் உயிருள்ள பொருளை அதில் வைத்துக் காண இயலாது. குடற்றுணுக்கை மருந்திலிட்டுப் பதப்படுத்தி, பிசினில் அழுத்தி இறுகச் செய்து, கண்ணாடி அல்லது வைரக் கத்தியால், ஒரு மில்லிமீட்டரின் பதினாயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியதாய்ச் சீவுவர். அச்சீவலை ஊடுருவிய கற்றை நிழற்படம் வரைந்து தரும். இந்தியாவில் இக்கருவியை முதன்முதல் அமைத்ததும் கல்கத்தாவே. நீரஜ்நாத் தாஸ்குப்தா என்னும் இயற்பியலார் 1940களில் அம்முயற்சியை முன்னின்று நடத்தினார். சம்புநாதரின் 1953, 1959ஆம் ஆண்டு ஆய்வுகளுக்கோ முயலும் நூலும் வடிகட்டியுமே போதியனவாய் இருந்தன. அவர் குடலின் புறத்தே அளந்து கண்டதை, அணுவின் அளவில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி பின்னர்ச் சோதித்தது.

1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் நோயாளர் குடலும், கிருமி செலுத்திய முயலின் குடலும் இக்கருவியின்கீழ் வந்தன. கிருமிகள் அணுவின் மேற்பரப்பிற் படிந்து ஒட்டிக் கிடந்தன, உள்ளே புகவில்லை. விரல் போன்ற நுண்ணுறுப்புகள் வரிசை குலையாது நின்றன. அணுவும் அணுவும் இணையும் கட்டு அறுந்து போகவில்லை. கோழையைச் சுரக்கும் அணுக்கள் மட்டும் தம் கோழையைக் கொட்டி வெறுமையாய் இருந்தன. நம் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, அணுக்களின் இடைவெளி அகலுதல், மேற்பரப்பிற் சிறு கொப்புளம் தோன்றுதல், இணைப்புகளிற் சில மாறுதல்கள் ஆகியவற்றையும் நுணுகிக் கண்டு சொன்னது. முன்னோர் நினைத்தபடி குடல் உரியவில்லை. எனினும் அணு முற்றும் மாறாதிருந்தது எனலும் ஆகாது.

பிற கிருமிகளின் இயல்பு இதனின் வேறு என்பதையும் அக்கருவியே காட்டிற்று. சீதபேதியை விளைக்கும் சிகெல்லா, குடலணுவின் உள்ளேயே புகுந்து பெருகி அதனைக் கொல்கிறது. குழந்தைகளை வருத்தும் ஈகோலை வகை ஒன்று, தான் ஒட்டிய இடத்தில் நுண்ணுறுப்புகளை வழித்து எறிந்துவிடுகிறது; அதன் அடியில் அணுவின் மேற்புறம் சிறு பீடம்போல் எழும்பி, அக்கிருமியைத் தாங்கி நிற்கிறது. இப்படங்களைக் காண்போர் மருளாதிருத்தல் அரிது.

வாந்திபேதி நஞ்சின் செயலோ மறைவானது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஃபின்கெல்ஸ்டைன், லோஸ்பல்லூட்டோ என்னும் இருவர் அந்நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். அது அணுவின் மேற்புறத்தைப் பற்றிக்கொண்டு, தன் ஒரு கூற்றை உள்ளே அனுப்புகிறது. உள்ளே சென்ற கூறு, உப்பையும் நீரையும் வெளிவிடும் ஏவலை ஓயாத ஏவலாக்கி விடுகிறது. பகைவன் ஒருவன் ஏரிக்கரையை உடைக்காமல், மதகைத் திறந்துவிட்டு, அதனை மூடும் திருகை முறித்துச் சென்றால் எவ்வாறு இருக்கும்? கரை உறுதியாய் நிற்க, ஏரி வற்றும். ஒரே நாளிற் பத்து லிட்டருக்கு மேற்பட்ட நீரை ஒருவன் இழத்தலும் உண்டு.

அணு இறக்கவில்லை என்பது எளிய செய்தியன்று. ஓர் உயிரின் வாழ்வும் சாவும் அதிலே அடங்கியிருந்தது. குடல் உரிந்து போயிருக்குமாயின், வாய்வழி ஊட்டும் நீர் பயன்படாது. உயிருள்ள அணுவிலோ வேறொரு வாயில் பழுதின்றி இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் அவ்வாயில் இரண்டையும் உள்ளே ஏற்கும். நீரும் அவற்றைத் தொடர்ந்து செல்லும். உப்பு மட்டும் தனித்து வந்தால் அவ்வாயில் திறவாது. இதனை வேறு அறிஞர் பலர் வேறு வழிகளில் ஆராய்ந்து கண்டனர். 1968ஆம் ஆண்டில் டாக்காவில் மருத்துவர்கள் இம்முறையை நோயாளரிடம் சோதித்து வெற்றி கண்டனர். 1971ஆம் ஆண்டில், வங்கதேச விடுதலைப் போரின்போது அகதிகள் இலக்கக் கணக்கிற் குவிந்த பன்காவ் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்புவழி ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பெரும் பாத்திரங்களிற் கரைத்து வைத்து, நோயாளரின் உறவினரையே ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்ட நிலை மாறி, நால்வருக்கும் குறைவாயிற்று. இன்று நம் மருந்துக் கடைகளிற் சிறு பொட்டலமாய்க் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் அதுவே.

இனிச் சம்புநாதரிடம் மீள்வோம். 1959ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்த பின்னரும், சில ஆண்டுகள் அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. பின்னர் உலக ஆய்வுக்கூடங்கள் பலவற்றிலும் முயற்குடற் சோதனை கைக்கொள்ளப்பட்டது. கட்டுரையைக் குறிப்பிட்டோர் பெருகினர். ஆனால் அதனை எழுதியவரைத் தாயகத்தார் பெரிதும் அறியவில்லை. நாட்டின் பெரும் பரிசு எதுவும் அவரை நாடி வரவில்லை. அறிவியற் கழகங்கள் அவரைத் தம் உறுப்பினராக்கவில்லை. அவரும் அவற்றைத் தேடிச் சென்றவரல்லர். அடக்கமும் தனிமையும் அவர் இயல்பு. அவ்வியல்பு அவர்க்கு அணியாயிற்று எனலாம். நம் கழகங்களின் மறதிக்கு அது விடையாகாது. பரிசில் பெற நெடுந்தொலை நடந்த புலவர் கதைகள் நம் இலக்கியத்தில் உண்டு; சம்புநாதரோ நடக்கவில்லை.

1973ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்றார். 1978ஆம் ஆண்டில், வாந்திபேதியும் அதனை ஒத்த நோய்களும் பற்றி நோபெல் நிறுவனத்தார் சுவீடன் நாட்டிற் கூட்டிய கருத்தரங்கிற்குச் சம்புநாதரை அழைத்தனர். நோபெல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ஜோஷுவா லெடர்பர்க், அப்பரிசிற்கு அவர் பெயரை ஒருமுறைக்கு மேலும் பரிந்துரைத்தவர். 1960களின் தொடக்கத்திலேயே தம்மை இறந்தவராகக் கருதி வந்ததாகவும், அவ்வழைப்பே தம்மைத் தோண்டி எடுத்து உயிர்ப்பித்ததாகவும் அம்மேடையிற் சம்புநாதர் கூறினார். அப்பொழுது அவர்க்கு வயது அறுபத்து மூன்று.

1985ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் சம்புநாதர் காலமானார். எலெக்ட்ரான் நுண்ணோக்கியை அமைத்த எர்ன்ஸ்ட் ருஸ்காவிற்கு, அமைத்த காலத்திலிருந்து ஐம்பத்தைந்து ஆண்டு கழிந்து, 1986ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வந்தது. அவர் அதனைப் பெற்றுக்கொள்ள உயிரோடிருந்தார். 1990ஆம் ஆண்டில், பெங்களூரிலிருந்து வெளிவரும் கரண்ட் சயன்ஸ் என்னும் அறிவியல் ஏடு, சம்புநாதரின் பணி பற்றித் தனிச்சிறப்பிதழ் ஒன்று வெளியிட்டது.